வாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

அலுவலகத்தில் அவளுக்கு அரைநொடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. யாராவது ஒரு கணினி நிரலை எழுதி முடித்து, "நல்லா வேகமா ஓடுது" என்று சொல்லிவிட்டால் போதும், "இன்னும் அரை நொடி கொறைக்கலாமே" என்று வந்து நிற்பாள். வெறும் வாயால் சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை. உட்கார்ந்து குறைத்தும் காட்டுவாள். ஐம்பதை நெருங்குகிற பெண்ணை இளவட்டங்கள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் அவளை எந்தப் பெயரிலும் கூப்பிட ஆளில்லாத காலம் அது.

வீட்டில் ஆளில்லை என்பதும் முழு உண்மையில்லை. கணவர் இருந்தார். அவருக்குக் குரல்தான் இல்லை.

அவர் ஏலக்காரர். பழைய மேஜை நாற்காலி, கடிகாரம், பாத்திரம் பண்டம், சீமான் வீட்டுச் சோபா, கடன்பட்டவன் வீட்டுச் சோபா எல்லாம் அவர் வாய்வழியாகத்தான் கைமாறும். ஒடிந்த நாற்காலியைக்கூட, "மூணு கால்லயே இந்த நிமிர்வு நிக்குதே, நாலாவதும் இருந்தா வெல எங்க போகும்" என்று விற்றுவிடுவார். கூட்டத்தில் ஒருவன் வாய் திறக்கும் முன்பே அவனுக்கான பதில் இவரிடம் தயாராக இருக்கும். தாமதமா வர்ற பதிலும் ஆறிப்போன காப்பியும் ஒண்ணு என்பார். தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் உயிரைக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பேரம்தான் என்று வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பேரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

முன்பெல்லாம் வீட்டிலும் ஏலம்தான். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு இருபது பேர் சத்தம் போட்டார்கள். தட்டில் கடைசி பிஸ்கட் மிஞ்சினால் அதைத் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம்" என்பார். "ரெண்டு தரம்" என்று இழுத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் கையை நீட்டும்வரை மூன்றாம் தரம் வராது. நீட்டியதும் விரல் முட்டியால் மேஜையில் நறுக்கென்று ஒரு தட்டு. சரக்கு அவளுக்கு. அவர் ஜெயித்து அவள் பார்த்ததே இல்லை.

இன்னொரு வழக்கம். போனில் செய்தி அனுப்பினாலும் சரி, ஏலக்கடை வாசலில் விளம்பரம் எழுதினாலும் சரி, அவர் முற்றுப்புள்ளி வைக்க மாட்டார். கேள்விக்குறிகூடக் கிடையாது. கேட்டால், "புள்ளி வெச்சா ஏலம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இன்னொருத்தன் வெல கேக்க வருவான்ல" என்பார். அவளோ கடைச்சீட்டில் உப்பு என்று எழுதினாலும் பின்னால் புள்ளி வைக்கிறவள்.

குரல் போன பிறகு அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் கருவியே அவருக்கு வாயாக வந்தது. உள்ளங்கை அகலப் பெட்டி. எழுத்துகளைத் தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அது பேசும். ஆஸ்பத்திரியிலும் பேருந்திலும் நெட் இல்லாத இடத்திலும் பேச வேண்டும் என்பதால் கணக்கையெல்லாம் பெட்டிக்குள்ளேயே போட வேண்டும். விலை ஏழைக்கும் எட்ட வேண்டும் என்பதால் உள்ளே கணக்குப் போட இருந்தது ஒரு நோஞ்சான் செயலிச் சில்லு. கடையில் யாரோ பதிவுசெய்து வைத்திருந்த பழைய ஏலங்களைத் தேடிப்பிடித்து, அதிலிருந்து அவருடைய குரலையே கற்றுக்கொடுத்திருந்தாள். முதல் நாள் அவருடைய கணீர்க் குரல் பெட்டியிலிருந்து வந்தபோது அவள் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் குரல் வருவதற்கும் நடுவே நாலு நொடி ஆனது. எழுதிவைத்துப் பார்த்தால் நாலு நொடி ஒன்றுமே இல்லை. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அது ஒரு யுகம். போனில் இன்னும் மோசம்; எடுத்தவர்கள் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். ஒருநாள் டீக்கடையில் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தார். ஒருவன் தன் புதுச் செருப்பைப் பற்றிப் பெருமையடிக்க, இவர் பதிலடி ஒன்றைத் தட்டி அழுத்தினார். அதற்குள் பேச்சு மாறி, இன்னொருவன் தன் மனைவிக்கு நெஞ்சுவலி வந்த கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தான். அவன் குரல் கம்மிய நேரம் பார்த்துப் பெட்டி கணீரென்று சொன்னது: "இத எவன் ஓசியில குடுத்தான்"

யாரும் கோபப்படவில்லை. தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தட்டலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு தலையாட்டல், கையாட்டல். சில நாளில் அதுவும் குறைந்தது. அவள் ஒருத்தியே கேள்வி கேட்டு ஒருத்தியே பதில் சொல்லிக்கொண்டு வளையவந்தாள். கடைசி பிஸ்கட் தட்டிலேயே நமுத்தது. பிறகு அவருடைய தம்பி வந்து, "ஒரு மாறுதலா இருக்கட்டும் அண்ணி, நாலு நாள் அண்ணன என்கூட அனுப்புங்க" என்று பக்கத்து ஊருக்கு அழைத்துப் போனான். தம்பி பெட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டான். நாலு நாள் நாற்பது நாளாகியும் வருகிற பேச்சைக் காணோம்.

வீடு ஓவென்று கிடந்தது. ஒருத்திக்குச் சமைக்கத் தெரியாமல் இரண்டு பேருக்குச் சமைத்து, மிஞ்சியதை மறுநாள் தானே தின்றாள். திரும்பி வந்தால் அவர் பேச வேண்டும், பேசினால்தான் திரும்பி வருவார், இரண்டுக்கும் குறுக்கே நிற்பது அந்த நாலு நொடி. அதை என்ன ஏது என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். மேலாளரிடம் கேட்டதற்கு, தாராளமாகச் செய்யுங்கள், மற்ற வாடிக்கையாளர்களும் திட்டுகிறார்கள் என்றார்.

கருவிக்குள் நடப்பதெல்லாம் பெருக்கலும் கூட்டலும்தான். எழுத்து எண்ணாகி, அந்த எண் வேறு எண்களோடு பெருகி, பெருகியது கூடி, கூடியது மறுபடி பெருகி, கடைசியில் குரலாக வெளியே வரும். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற கணக்கு. ஒரு வாக்கியத்துக்கே கோடிக்கணக்கில் செய்ய வேண்டும் என்பதுதான் தொல்லை. பழைய நிரல் ஓர் எண்ணை எடுத்து, இன்னொன்றோடு பெருக்கி, கூட்டி வைத்துவிட்டு, அப்புறம்தான் அடுத்ததைத் தொட்டது. ஆனால் அந்த நோஞ்சான் செயலிக்கும் ஒரே கட்டளையில் பதினாறு ஜோடிகளைச் சேர்த்துப் பெருக்கத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தது. அதற்குப் புரிகிற கட்டளையில், கையாலேயே எழுதிக் கேட்டால்தான் செய்யும்.

அவருக்குக் குரல் இருந்த காலத்தில் இந்தச் சங்கதியை ஒருமுறை விளக்கியிருந்தாள். "இதுக்கா இத்தனை படிப்பு?" என்றார் அவர். "தட்ட ஒவ்வொண்ணா ஏலம் விட்டா விடிஞ்சிடும்னு டஜன் டஜனாக் கட்டி விடுறோம். அதானே?"

"அதேதான். டஜன் போக மூணு தட்டு மிஞ்சினா என்ன பண்ணுவீங்க?"

"அங்கதான் ஏலக்காரன் இருக்கான். டஜன எவன் வேணா விப்பான். மிச்சத்த விக்கத்தான் வாய் வேணும்."

அப்போது சிரித்துவிட்டு மறந்துவிட்டாள்.

அவருடைய நாற்காலிக்கு எதிரே, சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மாலை மாலையாக வேலை செய்தாள். அலுவலகத்தில் பகலெல்லாம் செய்தது போதாதென்று இது. முதலில் எண்களின் தசமப் பகுதியையெல்லாம் சீவி, சின்ன முழு எண்களாக்கினாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தவற்றைப் பதினாறு பதினாறாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாள், ஒரே பிடியில் அள்ளுவதற்கு. ஒரு கூட்டல் முடியட்டும் என்று அடுத்த கூட்டல் கைகட்டிக் காத்திருப்பதைக் கண்டுபிடித்து, நாலு தனித்தனிக் கூடைகளில் கூட்டிக் கடைசியில் ஒன்றாகக் கொட்டினாள். நாலு நொடி மூன்றானது, இரண்டானது, ஒன்றுக்குக் கீழே வந்தது. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று கல்யாணத்தில் வாழ்த்தாத வாய் இல்லை. ஒன்றும் பெறவில்லை. இப்போது எந்நேரமும் எண்கள் பதினாறு பதினாறாக வந்து நின்றன. அவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று தோன்றியது. சொல்ல ஆளில்லாததால் தானே கொஞ்சம் சிரித்துப் பார்த்தாள், நன்றாயில்லை.

முக்கால் நொடியில் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. எங்கே நேரம் போகிறது என்று துருவியபோது வால் அகப்பட்டது. எல்லா வாக்கியமும் பதினாறின் மடங்காக வந்து தொலையாது. கடைசியில் மூன்றோ ஒன்பதோ பதினைந்தோ துண்டு மிஞ்சும். அந்த மிச்சத்துக்குத் தொழிலில் வால் என்றுதான் பெயர். அதை மட்டும் பழைய முறையில் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருந்தது, ஒவ்வொரு கட்டத்திலும். யானையே போய்விட்டது, வால் மாட்டிக்கொண்டது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த வாலில் என்று ஒலியை எடுத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. வாக்கியம் முடிந்த பின் வரும் மௌனம், அவ்வளவுதான். முற்றுப்புள்ளியைப் பார்த்ததும் கருவி மூச்சு விடுவதுபோலச் சற்றுச் சும்மா இருக்கும். வால் அந்தச் சும்மாவுக்குள்தான் விழுந்தது. யாரும் பேசாத இடத்தை வெட்டினால் யாருக்கு நஷ்டம்? வெட்டினாள். கருவி அரை நொடிக்குள் பேசியது. நிரலில் அந்த இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்குக் குறிப்பாக, 'வாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.' என்று எழுதினாள். அதற்கும் மறக்காமல் புள்ளி வைத்தாள்.

அலுவலகத்தில் ஒலியைச் சோதிப்பவனுக்குக் காது என்று பெயர். தலையில் பெரிய ஹெட்ஃபோனோடு பிறந்தவன்போல் திரிவான். அவள் சோதனைக்கென்று எழுதிவைத்திருந்த நூறு வாக்கியங்களையும் பழையதிலும் புதியதிலும் மாற்றி மாற்றிக் கேட்டான். "ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல மேடம். ராக்கெட் மாதிரி இருக்கு" என்றான். நூறு வாக்கியமும் அவள் எழுதியவை. நூறிலும் நூறு புள்ளி. கம்பெனி அதை எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பியது.

தம்பிக்குப் போன் செய்து, "அண்ணன் மெஷின கொஞ்ச நேரம் ஆன் பண்ணி வைக்கச் சொல்லு. புதுசு ஏறும்" என்றாள்.

அடுத்த நாள் ஞாயிறு. துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்து "ஹலோ" என்றதும், காதுக்குள் அவர் குரல்:

"யாரு பேசறது, அரைநொடி அம்மாவா"

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். கருவி போனோடு சேர்ந்து பேசும்போது எதிரொலி வராமலிருக்க அதன் ஒலிபெருக்கி அடைத்துக்கொள்ளும். குரல் நேரே அழைப்புக்குள் போய்விடும். தான் பேசுவது அவர் காதுக்கே கேட்காது. இவளுக்குக் கேட்டது, அதுவும் காதோடு காதாக.

"என்னங்க, எப்படி இருக்கு? வேகம் போதுமா?"

"வேகமா, நான் நெனைக்கறதுக்கு முன்னாடி பேசுது, இனிமே உன்னப் பத்தி நெனைக்கவே பயமா இருக்கு"

அவர் வேகமாகத் தட்டுவார். கடைக்கணக்கு தட்டிப் பழகிய விரல். இவள் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, பேச்சு பழையபடி பந்தாகப் போய்வந்தது. தம்பி குறட்டை விடுவதைச் சொன்னார். தம்பி மனைவி காலண்டரைக்கூடத் துடைத்து வைக்கிறாள் என்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா உன் சமையல் மாதிரி இல்" என்று நின்றது. லைன் சரியில்லை போல என்று நினைத்தாள். இல்லாவிட்டால் என்ன, மிச்ச எழுத்தை அவளே போட்டுக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் தைரியத்தில்தான் அதைக் கேட்டாள். நாற்பது நாளாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்த கேள்வி. சிரிப்போடு சிரிப்பாக எடுத்துவிடலாம் என்று பார்த்தாள்.

"ஏங்க, அங்கயே இருந்துடலாம்னு இருக்கீங்களா?"

பதில் உடனே வந்தது. ஏலத்தில் விலையை உறுதிசெய்யும்போது வருமே, அந்தக் கணீர்க் குரலில்.

"நீ இல்லாம நான் இருந்துடுவேன்"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், பிறகு மறுபடி காதில் வைத்தாள். பழைய நாலு நொடி இருந்திருந்தால்கூட, யோசித்துத் தயங்கிச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். இது கேட்ட கேள்விக்குக் காத்திருந்த பதில்போல வந்து விழுந்தது. அந்த வேகத்தைக் கொடுத்ததும் அவள்தான்.

"சரி. இருங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுபடி அடிக்கும் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க அடிக்கவில்லை. தானாகப் போட்டுக் கேட்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டதுக்குப் பதில் வந்தாயிற்று, இன்னும் எதைக் கேட்பது? மடித்த துணிகளில் அவருடையதைத் தனியாக ஒரு பையில் வைத்தாள். தம்பி வந்தால் கொடுத்தனுப்பலாம் என்று. பிறகு பையைப் பார்க்கச் சகிக்காமல் மறுபடி பீரோவில் அடுக்கினாள். அலுவலகத்தில் இளவட்டங்கள் வேகத்தைக் கொண்டாடிக் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷம் பக்கத்திலேயே இருந்த மனுஷன் தானில்லாமல் இருந்துவிடுவானாம். அதை அவள் வார்த்த குரலிலேயே சொல்லிவிட்டான். மனம் மரியாதையை விட்டு ஒருமைக்குப் போயிருந்தது.

கேக் தீர்ந்து இரண்டு நாள் கழித்து, காது ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தான். அவன் காதைக் காலியாகப் பார்ப்பதே அபூர்வம்.

"மேடம், ஒரு முதியோர் இல்லத்துலேருந்து புகார். நம்ம பெட்டி வெச்சிருக்கிற ஒருத்தர், மறதிக்காரர் பாவம், நர்ஸ்கிட்ட 'நான் மாத்திரை போட்டேனா'ன்னு கேட்டிருக்கார். பெட்டி 'நான் மாத்திரை போட்டேன்'னு சொல்லியிருக்கு. அவங்க சரின்னு போயிட்டாங்க."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கலாம். நானும் தட்டிப் பாத்தேன். புள்ளி வெச்சா சரியா வருது. கேள்விக்குறி வெச்சாலும் வருது. ஒண்ணும் வெக்காம விட்டா கடைசி எழுத்துல கை வெக்குது. எல்லா வாக்கியத்துலயும் இல்ல, சிலதுல மட்டும். வெக்கிற எடத்தப் பாருங்க மேடம், நம்ம பாஷையில எல்லாமே கடைசியிலதான இருக்கு. உண்டா இல்லையா, வருவானா மாட்டானா, எல்லாம் வாலுலதான்."

புள்ளி இல்லாவிட்டால் கடைசியில் மௌனம் இல்லை. மௌனம் இல்லாவிட்டால் வாலில் விழுவது பேச்சு. அவன் பெட்டியை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நீ இல்லாம நான் இருந்துடுவேனா. புள்ளி வைக்கவில்லை, வாழ்நாளில் அவள் புள்ளி வைக்காமல் எழுதிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பொத்தானை அழுத்தினாள்.

"நீ இல்லாம நான் இருந்துடுவேன்" என்றது பெட்டி.

"இது எந்தக் கஸ்டமரோட புகார் மேடம்?" என்று கேட்டான் காது.

"என் வீட்டுக்காரரோடது" என்றாள்.

காது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மெல்ல அவன் இடத்துக்குப் போய்விட்டான். அவளுக்கு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அவர் என்ன கேட்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. அதற்கு இவள் என்ன சொல்லியிருக்கிறாள்? நீ இல்லாமல் நான் இருந்துவிடுவேனா என்று ஒரு மனுஷன், ஜென்மத்தில் இப்படிப் பேசாதவன், கேட்கிறான். சரி, இருங்க. முகத்தை மேஜையில் கவிழ்த்துக்கொண்டாள்.

வாலைச் சரிசெய்ய மதியம் வரைகூட ஆகவில்லை. செயலியில் அதற்கென்றே ஒரு வசதி இருந்தது: பதினாறு இருக்கையில் ஆளிருக்கும் இருக்கையை மட்டும் கணக்கில் எடு, காலி இருக்கையை விட்டுவிடு என்று சொல்லலாம். கூடுதலாக ஆகும் நேரம் கண்ணிமைப்பில் ஒரு பங்குகூட இல்லை. அவசரத்தில் அதைத் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மேலாளரிடம் போய், வெட்டியது நான்தான், சோதனை வாக்கியம் எழுதியதும் நான்தான் என்று சொன்னாள். காது புள்ளியில்லாத வாக்கியமாகத் தேடித்தேடித் தட்டிக் கேட்டு முடிக்க மறுநாள் காலையாயிற்று. புதியது எல்லாப் பெட்டிகளுக்கும் போனது. ஒன்றைத் தவிர.

"அண்ணன் அத ஆஃப் பண்ணி அலமாரில வெச்சுட்டார் அண்ணி" என்றான் தம்பி போனில். "அன்னைக்கு உங்ககூடப் பேசினாரே, அதுலேருந்து. எங்ககிட்டயும் ஒண்ணும் சொல்லல. சரியாச் சாப்பிடறதும் இல்ல. எதும் சண்டையா?"

அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். பதினாறில் தொடங்கினாலும் சரியாக வரவில்லை, புள்ளியில் தொடங்கினாலும் சரியாக வரவில்லை.

தம்பி வீட்டு முன்னறையில், மேஜையில் ஒரு பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு எதற்கு எழுந்தோம் என்பதுபோல மறுபடி உட்கார்ந்தார். தம்பி மனைவி, "வாங்கக்கா, காப்பி போடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். விவரம் தெரிந்த பெண், கதவையும் பாதி சாத்திக்கொண்டாள்.

அவள் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து வந்தாள். புதியது தானாக ஏறிவிடாதபடி, நெட்டோடு சேராமல் பார்த்துக்கொண்டு உயிர்கொடுத்தாள். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அன்னைக்கு நீங்க தட்டினத, நான் கேட்ட மாதிரியே நீங்களும் கேளுங்க" என்று சொல்லி, அவர் பார்க்கும்படியே அந்த வாக்கியத்தைத் தட்டி, ஒலிபெருக்கியைத் திறந்து அழுத்தினாள்.

"நீ இல்லாம நான் இருந்துடுவேன்" என்றது அவர் குரல், அவருக்கே.

அவர் பெட்டியைப் பார்த்தார், திரையில் எழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரையில் ஆ இருந்தது. காதில் இல்லை. கையிலிருந்த சின்னச் சக்கரத்தை மேஜையில் வைத்தார்.

"நான்தான் வெட்டினேன்" என்றாள். "புள்ளி வெக்காதவர் ஒருத்தர் எங்க வீட்லயே இருக்கார்ங்கறது மறந்துபோச்சு." அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை. அழுதுகொண்டே பையிலிருந்து கம்பியை எடுத்துச் செருகிப் புதியதை ஏற்றினாள். மறுபடி அழுத்தினாள். இருந்துடுவேனா என்று அந்த ஆ முழுசாக வந்து அறையில் நின்றது.

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டினார். அரை நொடிகூட ஆகவில்லை.

"நீ சொன்னதுல ஒண்ணும் வெட்டுப்படலையே"

அவளுக்குச் சுரீரென்றது. அவள் வாய்க்கும் அவர் காதுக்கும் நடுவே பெட்டி இல்லை, செயலி இல்லை, பதினாறு இல்லை. சொந்த வாயால், முழு எழுத்தோடு, புள்ளியும் வைத்துச் சொன்ன வார்த்தை. இதற்குத் திருத்தம் எந்த நிரலிலும் எழுத முடியாது. பிரித்துப்போட்ட கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் காத்திருந்தார். பதிலுக்குக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தவர், அவசரப்படுத்தவில்லை.

"வெட்டுப்பட்டுது" என்றாள் கடைசியில். "உங்களுக்கு வால் போச்சு. எனக்குத் தலை போச்சு. வீட்டுக்கு வந்து இருங்கன்னுதான் உள்ள இருந்துச்சு. முன்னாடி இருந்தத முழுங்கிட்டேன்."

சொல்லும்போதுதான் அது மெய் என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. விரல் மட்டும் தட்டியது.

"ஒரு தரம்"

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்து இருங்க" என்றாள்.

"ரெண்டு தரம்"

இழுத்துக்கொண்டே முகத்தைப் பார்க்கிற அதே பார்வை. கடைசி பிஸ்கட்டை அவர் தூக்கிப் பிடித்திருப்பதுபோலவே இருந்தது. அவள் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"வீட்டுக்கு வந்து இருங்க. நீங்க இல்லாம நான் இருந்துடுவேனா?"

அவர் பெட்டியைத் தொடவில்லை. நீட்டிய கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல் முட்டியால் மேஜையில் நறுக்கென்று ஒரு தட்டுத் தட்டினார். கடிகாரத்தின் பல்சக்கரங்கள் துள்ளி விழுந்தன.

"யாரோ கதவத் தட்றாங்க, போய்ப் பாருங்க" என்று தம்பி மனைவி உள்ளேயிருந்து தம்பியிடம் சொல்வது கேட்டது.